இரைச்சலே இல்லாத ஆம்ப்ளிஃபயர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம். எல்லோரும் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள், அல்லது செய்யப் போகிறவர்கள், அல்லது அடுத்தவர் செய்ததைக் குறை சொல்கிறவர்கள். மூன்றாவது வகைதான் அதிகம். கிரேன் எலக்ட்ரீசியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் அந்த வகையில் ஐக்கியமாகிவிட்டேன்.

சென்ற வாரம் தினேஷ் என்ற தம்பி ஒருவர், கூரியரில் வந்த உள்ளங்கையளவு போர்டை ஒரு பெட்டிக்குள் வைத்து ஆம்ப் செய்து படம் போட்டிருந்தார். இப்போதெல்லாம் ஆம்ப் செய்வது என்றால் நான்கு ஸ்க்ரூ முடுக்குவது. கேலியாகச் சொல்லவில்லை, நாங்கள் நான்கு மாதம் மாய்ந்து மாய்ந்து செய்ததைவிட அது நன்றாகவே பாடும். ஒரே ஒரு குறை, பாட்டு இல்லாதபோது 'உம்ம்ம்' என்று ஹம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ஐந்தாவது நிமிடம் ஒரு மகான் பதில் போட்டார்: "ப்ளக்ல எர்த் ஒயர வெட்டி விட்ருங்க ப்ரோ. ஹம் போயிரும்." அந்தப் பொன்மொழிக்கு நாற்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

அந்த நாற்பத்தொரு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒயரை ஒரு காலத்தில் வெட்டியவன் நான். எர்த் ஒயர் எதற்கு இருக்கிறது என்று தெரியாமல் வெட்டவில்லை. அதைச் சரிபார்ப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது வெட்டினேன்.

அப்பாவுக்குச் சாயர்புரத்தில் பலசரக்குக் கடை. எனக்குப் பொட்டலம் மடிக்க வராது என்று தெரிந்ததும் என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார். அங்கே இரண்டு வருடம் சுவிட்ச் போர்டு மாட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே எங்களுக்கு ஃபோர்மேன் தங்கவேல் சார்.

தாமிரபரணிக் கரையில் வயல்காட்டுக் குடும்பத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும் கடைசியில், "புரியுதா, இல்ல எழுதித் தரணுமா?" என்று கேட்பார். புரியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. ஒருமுறை ஒருவன் சொல்லிவிட்டான். அவர் உண்மையிலேயே நான்கு பக்கம் எழுதி அவன் கையில் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னார்.

கிரேனில் ஏறுவதற்கு அவர் வகுத்த முறை எனக்கு இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். ஏறப் போகிறவன் அந்தச் சுவிட்சில் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவனிடம் கொடுக்கக் கூடாது, அவன் கூடப் பிறந்தவனாக இருந்தாலும். பிறகு டெஸ்டரை எடுத்து, கரண்ட் இருக்கிற வேறொரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். செத்த டெஸ்டரை நம்பிச் செத்தவர்கள் உண்டு என்பார். அதன் பிறகுதான் அதே டெஸ்டரால் நாம் வேலை செய்யும் கேபிளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக, தடித்த செம்பு ஒயரில் இருக்கும் கிளாம்ப்பால் கேபிளைக் கிரேனின் இரும்போடு சேர்த்துக் கவ்வ வைக்க வேண்டும். அதுதான் எர்த். யாராவது தவறிப்போய் சுவிட்சைப் போட்டாலும் கரண்ட் அந்த வழியாகத் தரைக்கு ஓடி ஃபியூஸைத் தூக்கிவிடும். மேலே இருக்கிறவன் உயிரோடு இறங்கி வந்து கெட்ட வார்த்தை பேசலாம்.

சேர்ந்த புதிதில் நான் கிளாம்ப் போடாமல் ஏறிவிட்டேன். பத்து நிமிட வேலை, பூட்டுத்தான் போட்டாயிற்றே என்ற நினைப்பு. இறங்கியதும் சார் கிளாம்ப்பை எடுத்து என் கையில் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கேன்டீன் வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். சாப்பிட வந்தவன் எல்லாம், "என்னல பொன்ராசு, கையில என்ன?" என்று கேட்டான். ஒவ்வொருத்தனிடமும், "எர்த்து" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. அதன் பிறகு என் பணிக்காலம் முழுவதும் கிளாம்ப் இல்லாமல் நான் ஒரு படி ஏறியதில்லை.

இதெல்லாம் திங்கள் முதல் சனி வரை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அதே தங்கவேல் சார் மில்லர்புரத்தில் தன் வீட்டு முன்னறையில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பார். எதிரே சால்டரிங் அயர்ன், டிரான்சிஸ்டர் குவியல், ஓட்டை போட்ட அலுமினியத் தகடுகள். ஆம்ப் செய்யும் எங்கள் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் உறுப்பினர். மூன்றாவது ஆள் ஆறுமுகநேரியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜெயசீலன் அண்ணாச்சி. எங்களுக்குள் அவர்தான் காது. டிரான்சிஸ்டரைப் பார்த்து, "இது கொஞ்சம் கசக்கும். அதப் போட்டா பேஸ் இனிக்கும்" என்பார். ஆய்வகத்தில் உப்பு ருசி பார்த்தே பழகியவர் என்பதால் நாங்கள் மறுத்துப் பேசியதில்லை.

நாங்கள் செய்த ஆம்ப்புகளில் பாட்டுக் கேட்டோம் என்று நினைத்தால் நீங்கள் எங்களை அறியாதவர்கள். ஆம்ப் செய்கிறவன் பாட்டுக் கேட்பதில்லை. வால்யூமை முழுக்கத் திருப்பி, பாட்டே போடாமல், ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து உட்காருவான். பாட்டு இல்லாதபோது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதுதான் போட்டி. மூன்று ஆம்பிளைகள் ஒரு ஸ்பீக்கரைச் சுற்றிக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருப்போம். சாரின் மனைவி இசக்கியம்மாள் அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு பாட்டுத்தான் போடுங்களேன்" என்பார்.

"சும்மா இரி. இப்பம்தான் டெஸ்டு நடக்கு" என்பார் சார். அக்கா எதையாவது தொடப் போனால், "ஏளா, கை வைக்காத. ஷாக் அடிக்கும்" என்றும் சொல்வார். அந்த வீட்டில் பத்து வருடமாக அவர் சொல்லி வந்த அந்த எச்சரிக்கையை ஒரு நாள் நாங்களே உண்மையாக்கினோம்.

சார் ஓய்வு பெறும் மாதம் வந்தது. பிரிவுபசார விழாவில் வாடகை மைக் செட் வைக்கக் கூடாது, நம் ஆம்ப்பில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம். சர்க்யூட்டுக்காக மட்டும் மூன்று வாரம் சண்டை. நான் போட்ட படத்தைச் சார் திருத்தினார், அவர் திருத்தியதை அண்ணாச்சி நக்கிப் பார்க்காத குறையாக ஆராய்ந்தார். கடற்காற்றில் செம்பு பச்சையாகிவிடும் என்று போர்டு முழுக்க வார்னிஷ் பூசினோம். பெட்டி பளபளவென்று வந்தது. பின்பக்கம் கரண்ட் ஒயர் நுழைகிற ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். கறுப்பு வளையம் அலுமினியத்துக்குப் பொருத்தமாக இல்லை, வெள்ளை கிடைத்ததும் போடலாம் என்றார் சார். வெள்ளை வளையம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து காதை வைத்தால், ஹம்.

ஏதோ பெரிய ஹம் என்று எண்ண வேண்டாம். ஒரு சாண் தள்ளி நின்றால் கேட்காது. ஆனால் எங்கள் காது ஸ்பீக்கரைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கும்? மூன்று ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினோம். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தோம், கண்டன்சரைப் பெரிதாக்கினோம், அண்ணாச்சி ஒரு வாரம் கடற்காற்றின் உப்புமேல் பழி போட்டார். விழாவுக்கு முந்தின ஞாயிறு சார் ப்ளக்கைக் கையில் எடுத்து மூன்று ஒயரையும் பார்த்தார்.

"ஏலே பொன்ராசு. அந்தப் பச்சைய வெட்டுல."

"சார், அது எர்த்து."

"எனக்குத் தெரியாதா? கிரேனுக்கா போடுதோம்? வெட்டு. புரியுதா, இல்ல எழுதித் தரணுமா?"

அன்றைக்கு நான் எழுதித் தாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அந்த ஹம் போக வேண்டும் என்று ஆசை. கட்டரை எடுத்து வெட்டினேன். ஹம் நின்றது. மூன்று பேரும் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டோம். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "தியானத்துல இருக்க மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். நாளெல்லாம் எர்த்தைக் கட்டிக்கொண்டு அழும் இரண்டு எலக்ட்ரீசியன்களும் தலையை ஆட்டினோம்.

விழா நாள் காலையில் பெட்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு பள்ளம் பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் ஆட்டோ இறங்கி ஏறியது. வளையம் இல்லாத ஓட்டையில் தகட்டின் விளிம்பு கரண்ட் ஒயரின் தோலைச் சீவிக்கொண்டே வந்திருக்கிறது. மண்டபத்தில் பெட்டியை வைத்துச் சுவிட்ச் போட்டபோது பெட்டி முழுக்கக் கரண்ட். அதிலிருந்து மைக் ஒயர் வழியாக, வெள்ளி மாதிரி மின்னும் இரும்பு மைக் வரைக்கும் கரண்ட். எர்த் இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். நாங்கள் மூன்று பேரும் வெட்கப்பட்டு, வாடகை மைக் செட்டுக்குப் போன் போட்டிருப்போம்.

இனி நான் சொல்வதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. மைக்கை நான்தான் முதலில் தொட்டு, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொன்னேன். விரல் நுனியில் சுருசுருவென்றது. சார் பிடித்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி பிடித்துப் பார்த்துவிட்டு, "மைக்குல உயிரு இருக்கு சார்" என்று பாராட்டினார். நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போடும் சேஃப்டி பூட்ஸ் போட்டிருந்தோம். கடைசி நாள் யூனிஃபார்மில்தான் மேடையேறுவேன் என்று சார் சொன்னதால் நாங்களும் அப்படியே வந்திருந்தோம். தடித்த ரப்பர் அடி. கரண்ட் தரைக்குப் போக வழியில்லை, அதனால் சுருசுருப்போடு நின்றது. கிரேனில் அந்தச் சுருசுருப்பு வந்திருந்தால் மொத்த யார்டையும் நிறுத்தியிருப்பேன். அன்று கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். காரணம் எளிது. விழா தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது, ஆம்ப் அவ்வளவு அமைதியாக இருந்தது.

மேனேஜர் பேசினார், யூனியன்காரர் பேசினார். எல்லோரும் ஷூக்காரர்கள். மைக் ஸ்டாண்டில் இருந்ததால் ஒருவரும் தொடவுமில்லை. பேச்சு தேன் மாதிரி வந்தது. மேனேஜரே, "மைக் செட் எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் பெண்ணைப் பெற்றவர்கள் மாதிரி அடக்கமாகச் சிரித்தோம். அப்போது யாரோ, "அம்மாவும் ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார்கள்.

இசக்கியம்மாள் அக்கா தயங்கித் தயங்கி எழுந்தார். மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் மேடையைக் கழுவிவிட்டிருந்தார்கள், சிமெண்டு இன்னும் காயவில்லை. விளக்கு எரிகிற இடம் என்று அக்கா படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். அதே விளக்கின் முன்னால் பூட்ஸ் காலோடு நின்ற எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரியாதை தெரிந்தவருக்குத்தான் ஆனது.

ஸ்டாண்டு உயரமாக இருந்தது. அக்கா மைக்கை உருவிக் கையில் எடுத்தார். "எல்லாருக்கும்" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கை மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, உடம்பு உதறியது. கூட்டத்தில் பாதிப் பேர் அக்கா அழுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் என் விரல் நுனியில் அந்தச் சுருசுருப்பு இன்னும் இருந்தது. மேடைக்குக் கீழே பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். அக்கா மைக்கோடு விழுந்தார்.

உயிர் போகவில்லை. மூச்சு இருந்தது. உள்ளங்கையில் மைக்கின் வட்டம் அப்படியே வெந்து பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். வெளியே வராந்தாவில் மேனேஜர், "என்ன ஆச்சு தங்கவேல்?" என்று கேட்டார். சார் அவர் முகத்தைப் பார்க்காமல், "மண்டபத்து ஒயரிங் சரியில்ல சார்" என்றார். மேனேஜர் அங்கேயே மண்டபத்து எலக்ட்ரீசியனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதர் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்ற அளவுக்குப் போனது பேச்சு. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சுவரில் இருந்த கை கழுவும் முறையைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உள்ளே போனோம். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. மண்டபத்து ஒயரிங்காமே? அவிய சொல்லுதாவ."

சார் என்னைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் ஒரு பார்வை பார்த்தால் அதன்படியே செய்து பழகியவன் நான். அன்று என் பார்வை அவர் பக்கம் போகவில்லை, அக்காவின் கைக்கட்டில் இருந்தது.

"இல்லக்கா. எர்த்து ஒயர வெட்டிட்டோம். நான்தான் வெட்டுனேன்."

"எதுக்கு வெட்டுனீங்க?"

"இரைச்சல் வந்துச்சு. அது போகணும்னு."

"எந்த இரைச்சல்? வாரா வாரம் அந்த ரூம்ல காபி கொண்டாந்து வச்சேனே, எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி. உங்க மூணு பேரு காதுக்குக் கேட்டதுக்கா?" பிறகு அக்கா முதல் தடவையாகச் சாரின் பக்கம் திரும்பினார். "ஏங்க, கிரேனுக்கு எர்த்து உண்டு, எனக்குக் கெடையாதோ?"

எழுதித் தரணுமா என்று கேட்கும் மனிதர் எழுந்து வெளியே போனார். மேனேஜருக்குத் தானே போன் போட்டு, தப்பு எங்கள் பெட்டியில்தான், மண்டபத்து ஆளை விட்டுவிடுங்கள் என்று சொன்னார். அதன் பிறகு அந்த எலக்ட்ரீசியனைத் தேடிப்போய் மன்னிப்பும் கேட்டார். இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சார்மேல் கோபத்தை மட்டும் எழுதியவன் ஆவேன். கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதில் பாதி என்மேல்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டார். இனி எந்தப் பெட்டி அந்த வீட்டு வாசலைத் தாண்டினாலும், முதலில் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, நனைத்த சாக்கில் நின்று, தன் கையால் அதைப் பிடிக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஃபோர்மேன் அந்தச் சாக்கில் ஏறுவதற்கு முன் மீட்டரை எடுத்துப் பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று முறை பார்ப்பார். பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்க்கச் சொல்வார். எங்கள் சங்கத்துக்குப் புத்தி வந்தது மூளை வழியாக அல்ல, பாதம் வழியாக.

அந்த ஹம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எர்த்தைத் திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். பாட்டுப் போடும் பிளேயரை ஒரு சுவரில் இருக்கும் சாக்கெட்டிலும், ஆம்ப்பை எதிர்ச்சுவரில் இருக்கும் சாக்கெட்டிலும் சொருகியிருந்தோம். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, அதில்தான் ஹம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் சொருகினோம். பெட்டிக்குள் சிக்னல் கிரவுண்டு ஒயர்களை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தோம். ஹம் போய்விட்டது. ஒரு மத்தியான வேலை. வெள்ளை வளையத்துக்குக் காத்திருக்காமல் கறுப்பையே மாட்டினோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்கா கேட்டபடி ஒரு பாட்டும் போட்டோம். அண்ணாச்சி, "பேஸ் கொஞ்சம் கசக்குதே" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தினேஷ் தம்பிக்கு இந்த வைத்தியத்தைத்தான் குழுவில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, எர்த்தை வெட்டச் சொன்ன அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கிய நாற்பத்தொரு மகான்கள் யார் யார் என்று அழுத்திப் பார்த்தேன். பட்டியலில் பாதிக்கு மேல் இறங்கியதும் ஒரு பெயர். தங்கவேல் சார்.

சாருக்கு இப்போது வயதாகிவிட்டது. காலை வணக்கப் பூப்படத்துக்கும் கட்டைவிரல், இரங்கல் செய்திக்கும் கட்டைவிரல். எதையும் படிப்பதில்லை. இருந்தாலும் உடனே அக்காவின் நம்பருக்குப் போட்டேன்.

"என்ன தம்பி, இந்நேரத்துல?"

"சார் என்ன செய்யுதாங்க அக்கா?"

"இங்கனதான். செல்ல நோண்டிக்கிட்டு இருக்காவ."

விஷயத்தைச் சொன்னேன். எர்த்தை வெட்டு என்று ஒருவன் எழுதியிருக்கிறான், அதற்குச் சார் சபாஷ் போட்டிருக்கிறார் என்று. அக்கா போனைக் கையில் வைத்தபடியே நடந்து போவது கேட்டது. பின்வாசல் கதவு திறந்தது. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் வந்தது.

"ஏங்க," என்று அக்கா கூப்பிட்டார். "செருப்பக் கழத்திட்டு கொஞ்சம் இங்கன வாங்க."

நான் போனை வைத்துவிட்டுக் குழுவைத் திறந்தேன். கட்டைவிரல் நாற்பதுதான் இருந்தது.